ஜன்னல் கட்டில்காரர்

அந்த விடுதியில் பெயர் கேட்கக் கூடாது என்பது சட்டம். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. சுவரில் எழுதி ஒட்டியிருந்த மற்ற சட்டங்களை ஒருத்தரும் சீந்துவதில்லை. எழுதாத இந்தச் சட்டத்துக்கு மட்டும் அப்படியொரு மரியாதை. தெருவில் படுத்துக் கிடந்துவிட்டு வருகிறவரிடம் வாசலிலேயே பெயரைக் கேட்டால் பாதிப் பேர் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். தானாகச் சொன்னால் சரி. சொல்லாவிட்டால் படுக்கிற இடம்தான் பெயர். தூணை ஒட்டிப் படுப்பவர் தூண்காரர். மின்விசிறிக்குக் கீழே இருப்பவர் ஃபேன்காரர். கழிவறைக்குப் பக்கத்துக் கட்டில் கிடைத்தவரை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாவம், அங்கே படுப்பதே போதாதா?

சம்பளமில்லாமல் வேலை செய்ய வந்தவர்களுக்கும் இதே கதிதான். கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்றுவிட்டு, மாலையில் இங்கே வந்து போர்வை கொடுக்கும் அந்த அம்மாளுக்கு வீட்டில் அழகான பெயர் இருந்தது. இங்கே வந்த முதல் வாரமே போர்வை அக்கா ஆகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் சுருக்கென்று இருந்தது. பிறகு பழகிவிட்டது, பிறகு பிடித்துவிட்டது. வீட்டுக்காரர்தான் புலம்புவார். "நம்ம வீட்டுப் போர்வையை மடிக்க ஆளில்ல. இவ ஊர்ப் போர்வையெல்லாம் துவைக்கக் கிளம்பிட்டா."

ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற நாள். காலைச் சாப்பாடு முடிந்ததும் ஆட்கள் எல்லாரும் வெளியே கிளம்பிவிடுவார்கள். மாலை வரை கூடம் காலியாகக் கிடக்கும். யாரோ புண்ணியவான் தானமாகக் கொடுத்த பழைய சலவை இயந்திரம், சின்னச் சாக்குக் கிடைத்தாலும் நின்றுவிடும் ரகம். அதற்கு ஆகாத விஷயம் முடிச்சு. போர்வையின் முனையில் முடிச்சு இருந்தால் உள்ளே சுழல்கிறபோது மற்றதெல்லாம் அதில் சிக்கிக்கொண்டு இயந்திரம் தடதடவென்று ஆடி நின்று போகும். அப்படியே தப்பித்துத் துவைபட்டாலும் முடிச்சுக்குள் ஈரம் தங்கி நாறும். ஜன்னல் கட்டில்காரரின் போர்வையில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கும். சாதாரண முடிச்சு இல்லை, ஒரு எலுமிச்சங்காய் அளவுக்கு இறுக்கிச் சுற்றிய முடிச்சு. அக்கா அதை முள்கரண்டியின் காம்பால் நெம்பி நெம்பிப் பிரிப்பாள். நகம் போகும், உயிர் போகும்.

"இது போர்வையா, கட்டுச்சோத்து மூட்டையா?" என்று அவரிடம் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள். அவர் சிரிப்பார். அடுத்த மாலை அவள் கண்ணெதிரிலேயே போர்வையை வாங்கி, முனையைச் சுருட்டி, முடிச்சுப் போட்டுக் கொண்டுபோவார். அதைக் கைக்குள் பிடித்தபடிதான் தூங்குவார் என்று சமையல்காரர் சொல்லியிருக்கிறார். சமையல்காரர் அங்கேயே தங்கி இருப்பவர். யார் குறட்டை விடுகிறார், யார் தூக்கத்தில் அழுகிறார் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒரு புதன்கிழமை மாலை, போர்வை கொடுக்கிற அவசரத்தில் அலுவலக அறைத் தொலைபேசி அடித்தது. பொறுப்பாளர் ஊரில் இல்லை. அக்காவே போய் எடுத்தாள். ஒரு பெண்ணின் குரல்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். சிரிக்காதீங்க. இதுவரைக்கும் கேட்ட இடத்துலயெல்லாம் சிரிச்சிட்டாங்க, இல்லன்னா வெச்சிட்டாங்க."

"கேளும்மா."

"உங்க இடத்துல, போர்வை முனையில முடிச்சுப் போட்டு, அதைக் கையில பிடிச்சிக்கிட்டுத் தூங்கறவங்க யாராவது இருக்காங்களா? வயசானவர்."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின ஞாயிறு போன நகம் ஞாபகம் வந்தது. "இருக்காரே" என்றாள், யோசிக்கவே யோசிக்காமல். "என் உயிரை எடுக்கறதுக்குன்னே இருக்கார். ஏம்மா, உனக்கு என்ன வேணும் அவர்?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அப்புறம், "அப்பா" என்று கேட்டது.

அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் போர்வை மடித்ததற்கு இன்றைக்குத்தான் கூலி கிடைத்தது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இருந்தியா, முழுசா விசாரிச்சியா?" என்று அவர் கேட்டதற்கு முறைத்தாள். பெண் வருவதாகச் சொன்ன அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் கட்டில் போர்வையை மட்டும் துவைக்கவில்லை. முடிச்சு அப்படியே இருக்கட்டும், பெண் வந்து பார்க்கட்டும் என்று கட்டிலிலேயே விட்டுவைத்தாள்.

அந்தப் பெண் முற்பகலில் வந்தாள். முப்பதைத் தாண்டிய வயது. விடியலிலிருந்து ரயிலில் உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பைக்குள்ளிருந்து இரண்டு சட்டைகளை எடுத்துக் காட்டினாள். ஒரே நிறம், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. "அளவு தெரியாதுக்கா. அதான் ரெண்டா வாங்கிட்டேன்."

வெளியே போக வேண்டாம் என்று அக்கா நிறுத்திவைத்திருந்த ஜன்னல் கட்டில்காரர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் வருகிற வரை போர்வை அறையில் உட்கார்ந்து பேசினார்கள். அவளுக்கு நாலு வயதாகும்போது அப்பா வீட்டை விட்டுப் போயிருக்கிறார். காரணம் தெரியாது. அம்மா ஆத்திரத்தில் இருந்த படத்தையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டாள். அவரைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டாள். மகள் போர்வையில் முடிச்சுப் போட்டால் மட்டும் கை ஓங்குவாளாம். "அந்தாளோட புத்தி அப்படியே வந்திருக்கு பாரு." அந்த அம்மாவும் இந்த வருஷம் போய்விட்டாள். இப்போது அவளுக்கு மனுஷர் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை.

"எனக்குக் கைதான் ஞாபகம் இருக்குக்கா" என்றாள். "பக்கத்துல உக்காந்து, போர்வை முனையை முடிச்சுப் போட்டு, எங்கையில வெச்சு விரலை மூடிவிடுவார். இதைப் பிடிச்சிக்கோ, கெட்ட கனவு வராதுன்னு சொல்வார். அந்தக் கை இருக்கு. குரல்கூடக் கொஞ்சம் இருக்கு. முகம் மட்டும் இல்ல. எத்தனை யோசிச்சாலும் கழுத்துக்கு மேல இருட்டா இருக்கு. ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பாத்துட்டாப் போதும். அவர் எங்கூட வரலைன்னாலும் பரவாயில்ல."

அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். கூடத்துக்கு அழைத்துப் போனாள்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். மெலிந்த, நீளமான மனிதர். அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை, முதலில் போர்வையைத்தான் பார்த்தாள். முடிச்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்துவிட்டாள். "அப்பா" என்றாள்.

அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறு யாருக்கோ வந்த பார்சலைக் கையில் வாங்கிவிட்டவரைப் போல அக்காவைப் பார்த்தார். பிறகு மெல்ல, பயந்து பயந்து, அவள் தலையில் கையை வைத்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். டீ போடச் சொல்ல வேண்டுமே.

சமையல்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"முடிச்சுப் போடறவரா? அவர்தான் போயிட்டாரே அக்கா."

"எங்க போனாரு? இப்பதான் பாத்துட்டு வரேன், குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கார்."

"இவரு மழைக்கு அப்புறம் வந்தவரு. முடிச்சுக்காரரு மழையிலயே செத்துப்போனாரே. காலையில எழுப்பப் போனேன், ஜில்லுனு இருந்தாரு. மறந்துட்டீங்களா? முடிச்சைப் பிடிச்ச கையைத் திறக்கவே முடியல. போர்வையோடவே அனுப்பிவெச்சோம். நீங்கதான் சொன்னீங்க, போனாப் போகுது, போர்வையோட போகட்டும்னு."

அக்காவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆமாம். அவள்தான் சொன்னாள். அன்றைக்கு அழக்கூட அழுதாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டில் கொஞ்ச நாள் காலியாகக் கிடந்தது. மெத்தையை வெயிலில் போட்டார்கள். அப்புறம் இந்த மனிதர் வந்தார், ஜன்னல் பக்கம் படுத்தார், அவரும் ஜன்னல் கட்டில்காரர் ஆனார். சில வாரங்களில் மறுபடியும் போர்வையில் முடிச்சு வந்தது. அவள் மறுபடியும் முள்கரண்டியை எடுத்தாள், மறுபடியும் திட்டினாள். திட்டு அதே திட்டு. ஆள் மாறியது அவள் புத்தியில் ஏறவே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முடிச்சுதான். மனுஷனைத் தெரியவில்லை.

செத்துப்போனவரின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இப்போது கட்டிலில் உட்கார்ந்திருப்பவரின் முகம்தான் வந்தது. ஒரு தடவை கடைக்கு வந்தவரின் முகத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன், எந்த மூக்குக்கு எந்தக் கண்ணாடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள் அவள். கண்ணாடி வாங்க வந்தவர்கள் முகமெல்லாம் வரிசையாக வந்து நின்றது. தினமும் அவள் கையிலிருந்து போர்வை வாங்கிப் போனவரின் முகம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இந்தப் புது மனிதர் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. அந்தப் போர்வையும் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படியானால் இவருக்கு முடிச்சுப் போட யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

துணி காயப்போடும் பின்முற்றத்துக்கு அவரைத் தனியாக அழைத்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஈரப் போர்வைகளுக்கு நடுவே நின்றபடி கேட்டாள்.

"போர்வையில ஏன் முடிச்சுப் போடறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் போடறதில்லக்கா."

"பின்ன?"

"படுக்கறப்ப இருக்காது. எந்திரிச்சாக் கையில இருக்கும். மொதல்ல பயந்துதான் போனேன். பக்கத்துல இருக்கறவங்க விளையாடறாங்கன்னு நெனச்சேன். சொன்னாப் பைத்தியம்னு வெளிய அனுப்பிடுவீங்களோன்னு சொல்லல. அப்புறம் பழகிப்போச்சு. அது கையில வந்தப்புறம் நல்லாத் தூக்கம் வருதுக்கா. பொய் சொல்லல."

இப்போதுதான் அவளுக்கே தோன்றியது: பழையவர் அவள் கண்ணெதிரில் முடிச்சுப் போடுவார். இவர் போட்டு அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"நீங்க அவ அப்பா இல்லன்னு சொன்னீங்களா?"

"எப்படிக்கா சொல்றது? அப்பான்னு கூப்பிடுது. எனக்குக் கல்யாணமே ஆகல. என்னைய யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல." அவர் கொடியில் தொங்கிய போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தீங்கன்னா, நான் அது கூடவே போயிடுவேன். வீட்டு வேலையெல்லாம் செய்வேன். நல்லாப் பாத்துக்குவேன்."

சபலம் அக்காவுக்கும் இல்லாமல் இல்லை. சும்மா இருந்தால் போதும். இவருக்கு ஒரு வீடு, அவளுக்கு ஒரு அப்பா. அக்காவின் முந்திரிக்கொட்டைத்தனமும் யாருக்கும் தெரியாமல் அமுங்கிவிடும். யாருக்கு என்ன நஷ்டம்? இதை நினைத்துக்கொண்டேதான் அவரோடு கூடத்துக்குத் திரும்பினாள்.

பெண் இரண்டு சட்டைகளையும் கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். பெரிய சட்டையை அவர் தோளில் வைத்துப் பார்த்தாள். தைத்தெடுத்ததுபோலப் பொருந்தியது. அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. பிறகு அவர் முகத்தையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். நெற்றி, கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக, பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற குழந்தை மாதிரி உதடு அசையப் பார்த்தாள். இருட்டாக இருந்த இடத்தில் இந்த முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அக்காவுக்குப் புரிந்தது. தான் தொலைத்தது போதாதென்று, இந்தப் பெண்ணும் அந்த மனிதரைத் தொலைக்கப் போகிறாள். அதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இவர் இல்லம்மா" என்றாள்.

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மழைக்காலம், மூடிய கை, போர்வையோடு அனுப்பியது, முள்கரண்டி, தொலைபேசியில் யோசிக்காமல் வாயை விட்டது. அந்தப் பெண் அழவில்லை. சட்டையை நிதானமாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கஷ்டப்பட்டாரா?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டார்."

"கையில முடிச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு அக்கா எந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தாளோ அதைக் கேட்டாள். "நீங்க தெனமும் பாத்திருக்கீங்க. அவர் முகம் எப்படிக்கா இருக்கும்?"

அக்கா வாயைத் திறந்தாள். ஏதாவது ஒரு மூக்கையும் கண்ணையும் சொல்லிச் சமாளித்துவிடலாம். கடையில் எத்தனை முகம் பார்க்கிறாள். ஆனால் நாக்கு எழவில்லை. "தெரியலம்மா" என்றாள். "ஞாபகம் இல்ல. என்னை மன்னிச்சிடு." சொல்லிவிட்டு அழுதாள். சின்னப் பெண்ணுக்கு முன்னால் இப்படி அழுகிறோமே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதாள்.

"நெத்தி அகலம்" என்றார் கட்டிலில் இருந்தவர்.

இருவரும் திரும்பினார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இடது புருவம் நடுவுல வெட்டுப்பட்டு இருக்கும். அந்த இடத்துல முடி கிடையாது. கண்ணு சின்னது. சிரிச்சா வாய் ஒரு பக்கமாத்தான் போகும். முன்பல்லு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். உனக்கு இருக்கே, அதே மாதிரி."

அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்டுப்பட்ட புருவம். ஒரு பக்கமாகப் போகிற சிரிப்பு. கட்டுச்சோத்து மூட்டையா என்று அக்கா கேட்டபோது சிரித்த அதே சிரிப்பு. முழு முகமும் அவள் எதிரே வந்து நின்றது, நேற்றுப் பார்த்ததுபோல.

"நீங்க அவரைப் பாத்ததே இல்லையே" என்றாள் அக்கா.

"பேசினதில்லக்கா" என்றார் அவர். "விடியப்போற நேரத்துல எம்மேல குனிஞ்சு முடிச்சுப் போடுவாரு. அரைத்தூக்கத்துல கண்ணைத் தொறந்தா அந்த முகம்தான் இருக்கும். யாரையோ தேடற மாதிரி கொஞ்ச நேரம் என்னையே பாப்பாரு. அப்புறம் போர்வையை எங்கையில வெச்சு விரலை மூடிட்டுப் போயிடுவாரு."

சமையலறையில் டீ கொதித்து வழிகிற வாசனை வந்தது.

"நான் இந்தக் கட்டில்ல கொஞ்ச நேரம் படுத்துக்கலாமா அக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஆண்கள் கூடத்தில் பெண்கள் படுக்கக் கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. மாலை வரை யாரும் வரப்போவதில்லை. அறைக்குப் போய், துவைத்து மடித்த போர்வை ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாள். ஜன்னல் கட்டில்காரர் எழுந்து, தலையணையைத் தட்டிச் சரிசெய்து வைத்துவிட்டு, டீயைக் குடிக்கப் போவதாகச் சொல்லிப் போனார்.

அவள் சுருண்டு படுத்தாள். ரயில் களைப்பு, மூச்சு சீக்கிரமே சீராகிவிட்டது. ஒரு கை மெத்தைக்கு வெளியே, உள்ளங்கை விரிந்தபடி கிடந்தது. அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தாள். அந்தக் கையையே கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே வந்த வெயில் கட்டிலை விட்டு மெல்லத் தரைக்கு இறங்கியது. தான் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் முடிச்சுப் போடுகிறவர் வரத் தயங்குவாரோ என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து, சத்தம் வராமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.